பேரேட்டுக்காரி

பெரியகங்காணி வைரப்பெருமாள்
மார்கழிப் பனியில் செத்தபோது
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அவருக்குக் கடன்பட்டிருந்தார்கள்.
விடிந்ததும் அத்தனை பேரும்
அழகுநாச்சிக்குக் கடன்பட்டிருந்தார்கள்.
அவளுக்கு ஏழு வயது.
முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

நான் கணக்கு எழுதுகிறவன்,
எனக்குச் சொத்தைச் சொல்லத்தான் தெரியும்:
அட்டனில் இரண்டு கடை.
மஸ்கெலியாவில் பதினாறு மாடுள்ள பட்டி.
வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி.
முசிறிப் பக்கம் புஞ்சை, அவள் பார்த்ததில்லை.
மலையில் இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும்
நாள்தோறும் தலைக்காசு.
பிறகு பேரேடு.
சிவப்புத் துணி அட்டை, மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும்.

தாய் முந்தியே போய்ச் சேர்ந்தவள்.
எட்டாம் நாள் சித்தப்பா ரெங்கபூபதி வந்தார், பனங்கற்கண்டோடு.
நோர்வுட்டிலிருந்து தாய்மாமன் வந்தார், பட்டுப்பாவாடையோடு.
பாவாடை தரையில் ஒரு முழம் புரண்டது.
"வளர்ந்துவிடுவாள்" என்றார்.
அவர் மகனுக்கு முப்பத்தொரு வயது. முறைதான்.

பிரக்கிராசி வீட்டு விறாந்தையில் மூன்று நாள் பேச்சு.
பிள்ளைக்கு எவ்வளவு, பேரேட்டுக்கு எவ்வளவு என்று
யாரும் பிரித்துக் கேட்கவில்லை.

துக்கம் கேட்க வந்த துரைசாணி
குழந்தையின் தலையைத் தொட்டு ஏதோ சொன்னாள்.
நான் தமிழில் சொன்னேன்:
எங்கள் சீமையிலும் அந்தக் காலத்தில் இப்படித்தானாம்,
நிலமுள்ள பெண்பிள்ளைக்கு அப்பன் செத்தால்
அரசனே அவளை விற்பானாம்.
வாங்கிய பிரபு தன் மகனுக்குக் கட்டிவைப்பானாம்.
தாய்மாமன் கொஞ்சம் யோசித்தார்.
"என்ன விலைக்குப் போனதாம், கேளுங்க."
அதை நான் இங்கிலீஷில் சொல்லவில்லை.

உறுதி எழுதும் நாளுக்கு முந்திய இரவு
கம்பளியை இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.
"இதுல நான் எங்க இருக்கேன்?"
நீ இதில் இல்லை தாயி, இது உன்னுடையது.
"மூக்காயி?"
அவளுக்குப் பால் கொடுத்தவள் மூக்காயி.
எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்து வாசித்தேன்:
கப்பல் கூலி. மண்டபத்து முகாம் சாப்பாடு.
அரிசி. கம்பளி ஒன்று. அரிசி.
குழந்தைப் பிணத்துக்குக் கோடித்துணி, பன்னிரண்டு சதம்.
அரிசி.

"அந்தக் குழந்தைக்குப் பேரு என்ன?"

அது எழுதியிருக்கவில்லை.

கணப்புக்கு விறகு எடுக்கப் போனேன்.
திரும்பி வந்தபோது மைக்கூடு கவிழ்ந்திருந்தது.
மூன்று பக்கம், பதினொரு பேர்,
கறுப்பாக, இன்னும் ஈரமாக.
அவள் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்,
அல்லது அப்படிப் படுத்திருந்தாள்.

"ஞாபகத்திலிருந்து எழுது" என்றார் ரெங்கபூபதி.
இருபது வருஷத்துக்கு முந்திய
மாத்தளை வண்டிச் சத்தத்தைச் சதத்தோடு சொல்லுகிறவன் நான்.
ஞாபகம் இல்லை என்றேன்.
அறைந்தார். அப்போதும் வரவில்லை.

பத்துப் பேர் அந்த வாரமே துண்டு வாங்கிக்கொண்டு
பொகவந்தலாவைப் பக்கம் இறங்கினார்கள்.
மூக்காயி போகவில்லை.
போ, உனக்குக் கடன் இல்லை என்றேன்.
"புள்ள இங்கதானே இருக்கு" என்றாள்,
கணக்குத் தெரியாதவனிடம் சொல்வதுபோல.
தையில் அந்தப் பிள்ளை தாலி ஏறும்போதும்
அவள் தோளில்தான் தூங்கியது.
பிறகு நோர்வுட்டுக்கும் கூடவே போனாள்,
எந்தப் பேரேட்டிலும் பேர் இல்லாமல்.

உறுதி எழுதிய காலையைச் சொல்லாமல் விட்டேன்.
நொத்தாரிசு வாசித்து முடித்தார்.
சாட்சிக் கையெழுத்து என்னுடையது.
பெண்ணின் பெருவிரலைப் பிடித்துக் காகிதத்தில் வைக்கச் சொன்னார்கள்.
கம்பளிக்குள் ஒளித்திருந்த கையை மெல்ல வெளியே எடுத்தேன்.
உள்ளங்கை வரைக்கும் கறுப்பு.
என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
எச்சில் தொட்டு அழுத்தினேன், ரேகை பதிந்தது.
மைத்தட்டை யாரும் கேட்கவில்லை.